ஹேண்டில் போன பிறகு

சங்ககிரியில் லாரி இல்லாத வீடு நிறைய உண்டு; லாரியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாத வீடு கிடையாது. சிமெண்டு லோடும் எண்ணெய் டேங்கரும் ஓடுகிற ஊர். ஒரு பக்கம் நாமக்கல், அங்கே லாரிக்குப் பாடி கட்டுவார்கள். இன்னொரு பக்கம் திருச்செங்கோடு, அங்கே லாரி மேல் போர்வெல் ரிக் ஏற்றுவார்கள். மழையை நம்பி மானாவாரி நிலத்தை வைத்திருந்த குடும்பங்கள் அந்த நிலத்தை அடகு வைத்து லாரிக்கு மாறிய வட்டாரம் இது. நான் அந்த லாரிகளுக்கு எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன். எழுபதுகளில் பட்டறையில் பையனாகச் சேர்ந்தேன். இப்போது கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வாய் கொடுக்கிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங் மேஸ்திரி, பழைய வண்டிங், செல்ஃபு போயிருச்சுங். என்ன போட்டா நிக்கும்?" ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். பெயரில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. இன்ஜினைக் கிளப்புகிற அந்த செல்ஃபு, அதாவது மின்சார ஸ்டார்ட்டர், எந்த இடத்தில் மக்கர் பண்ணும், அப்போது பக்கத்தில் யார் இருப்பார், அவர் கையில் என்ன சாமான் இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன். என் வேலைக் காலத்திலேயே இந்த மூன்றுக்கும் விடை பல தடவை மாறிவிட்டது. அந்தக் கதையைச் சொன்னால்தான் என் பதில் விளங்கும்.

என்னை வேலைக்கு எடுத்த மேஸ்திரி யுத்த காலத்தில் பஸ் கிளீனராக இருந்தவர். பெட்ரோல் ரேஷனில் இருந்த வருடங்கள். பஸ்ஸின் பின்னால் இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டி, அதில் மரக்கரியைக் கொளுத்தி, வருகிற கேஸில் இன்ஜினை ஓட்டினார்கள். மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்கார் கம்பெனி அப்படிப்பட்ட கேஸ் பிளாண்ட்டைச் செய்து விற்றது. விடியற்காலையில் முதல் டிரிப் என்றால் கிளீனர் இருட்டோடு எழுந்துவிட வேண்டும். கரியைப் பற்றவைத்து, ஊதுவிசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி, கேஸ் எரிகிறதா என்று நெருப்புக் காட்டிப் பார்த்து, அதற்கப்புறம் முன்பக்கம் வந்து ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். "வண்டி கெளம்பறதுக்குள்ள எனக்கு ஒரு நாள் வேலை முடிஞ்சிருமப்பா" என்பார். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்து வைக்கவேண்டும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். எதிர்ப்பக்கம் வைத்தால், இன்ஜின் பின்னோக்கி உதைக்கிற நேரத்தில் விரல் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹேண்டில் போடும் லாரி எங்கள் பட்டறைக்கு வருவதே அபூர்வம். இருந்தும் அவர் அதைத்தான் முதலில் சொன்னார்.

அமெரிக்காவில் அந்த உதைக்கு 1912-லேயே மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வருடத்துக் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கெட்டரிங் அதற்கு முன் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கடைக்காரரின் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயங்க வைத்தவர். கல்லாப்பெட்டி மோட்டாருக்கு நாள் முழுக்க ஓடுகிற வேலை இல்லை. ஒரு நொடி இழுக்கும், பிறகு சும்மா கிடக்கும். அப்படிச் சும்மா கிடக்கிற மோட்டாரிடமிருந்து அதன் உருவத்துக்கு மீறிய வேலையைச் சில நொடிகளுக்கு வாங்கலாம், எரிந்து போகாது என்பதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார். அதற்கு முன் காருக்கு மின்சார மோட்டார் வைக்க முயன்றவர்கள், இன்ஜினைச் சுற்றத் தேவையான சக்தியைக் கணக்குப் போட்டு, அவ்வளவு பெரிய மோட்டாரை எங்கே வைப்பது என்று கைவிட்டார்கள். இன்றைக்கும் எந்த செல்ஃபும் அந்தக் கல்லாப்பெட்டிக் கணக்கில்தான் செய்யப்படுகிறது. பத்துப் பதினைந்து நொடி அடித்துவிட்டு ஒரு நிமிஷம் ஆற விடு என்று டிரைவரிடம் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். கேட்கிற டிரைவரை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் வண்டிக்கு செல்ஃபு ஒரு சௌகரியம். டீசலுக்கு அது இல்லாமல் முடியாது. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இருக்கிறது. மெதுவாகச் சுற்றினாலும் பொறி விழுந்துவிடும். டீசலில் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு பங்கில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நசுங்குகிற காற்று ரிங் வழியாகக் கசியும். சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும். நிமிஷத்துக்கு நூறு சுற்றாவது வேகமாகச் சுற்றினால்தான் பழைய லாரி இன்ஜின் ஒரு தும்மல் தும்மும். ஆரம்ப கால டீசல் இன்ஜின்களை அழுத்திய காற்றைக் கொண்டுதான் கிளப்பினார்கள். லாரிக்குள் வைக்கிற அளவுக்கு டீசல் இன்ஜின் சின்னதானது 1920-களில், ஜெர்மனியில். அதற்குள் மின்சார ஸ்டார்ட்டர் வளர்ந்திருந்ததால் இரண்டும் கைகோத்துக்கொண்டன.

நம் பக்கத்துக்கு இவை வந்து சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. பெட்ரோலில் ஓடிய பெட்ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ வண்டிகளுக்கெல்லாம் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை வைத்தார்கள். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி 1950-களிலேயே பெர்கின்ஸ் இன்ஜின் செய்ய ஆரம்பித்தது. 1948-ல் ரகுநந்தன் சரண் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் லேலண்டு லாரிகளுக்கு மாறி, 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. 1954-ல் ஜம்ஷெட்பூரில் டெல்கோ மெர்சிடிஸ் லாரி செய்யத் தொடங்கியது. ஜெர்மன்காரர்களோடு ஒப்பந்தம் முடிந்த 1969 வரை அந்த வண்டியின் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. ஆகவே எங்கள் ஊர் ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற லாரிகளின் செல்ஃபுகள் வேறுவேறு தேசத்து மூளையில் பிறந்தவை. ஒன்று இங்கிலீஷ்காரர் சிந்தனை, ஒன்று ஜெர்மன்காரர் சிந்தனை. ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குச் சேராது.

மேஸ்திரிக்குப் பிடித்தது சி.ஏ.வி. செல்ஃபு. லண்டனில் சார்லஸ் ஆண்டனி வாண்டர்வெல் ஆரம்பித்த கம்பெனி அது; 1926-ல் லூகாஸ் வாங்கிவிட்டது. பழைய லேலண்டு சிலவற்றில் வந்த அந்த மாடலில், மோட்டாருக்குள் சுற்றுகிற பகுதியான ஆர்மேச்சரே முன்னும் பின்னும் நகரும். சும்மா இருக்கும்போது ஸ்பிரிங் அதைக் காந்தத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தி வைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் முதலில் சின்னக் காயிலுக்கு மட்டும் கரண்ட் போகும். ஆர்மேச்சர் மெதுவாகத் திரும்பிக்கொண்டே காந்தத்தை நோக்கி இழுபட்டு வரும். அதன் முனையில் இருக்கிற பினியன் என்ற சின்னச் சக்கரத்தின் பல் இன்ஜினின் ஃப்ளைவீல் பல்லுக்குள் நிதானமாக நுழையும். நன்றாக உள்ளே போன பிறகுதான் ஒரு கொக்கி விடுபட்டு முழுக் கரண்டும் பாயும். பல் உடைவதே அபூர்வம். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். 'கிர்ர்' என்று ஒரு மெல்லிய நுழைவு, பிறகு 'தொம்' என்று முழு இழுப்பு. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி குறைந்தால் கொக்கி தேய்ந்துவிட்டது என்று கழற்றாமலேயே சொல்லிவிடுவார்.

மற்ற சில வண்டிகளில் வந்தது முரட்டு ஜாதி. மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் மரைபோட்ட தண்டின் மேல் இருக்கிற பினியன் அந்த வேகத்தில் முன்னால் பாய்ந்து ஃப்ளைவீலில் மோதிக் கடிக்கும். அமெரிக்கர் வின்சென்ட் பெண்டிக்ஸ் பெயரால் வந்தது. அவர் பெயர் எங்கள் பட்டறைகளில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு எந்த மாதிரி பினியனாக இருந்தாலும் பையன்கள் பெண்டிக்ஸ் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். மூன்றாவதாக வந்தது, தலையில் சாலனாய்டு சுமக்கிற மாடல். சாலனாய்டு ஒரு நெம்புகோலால் பினியனைத் தள்ளும். பல் பல்லோடு சேர்ந்த பிறகு அதே சாலனாய்டின் பின்பக்கத்தில் செம்புத் தகடு ஒட்டி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். இன்ஜின் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றினாலும் மோட்டாரை இழுத்துக்கொண்டு போகாதபடி நடுவே ஒருவழி கிளட்ச். சி.ஏ.வி-யின் நிதானத்தில் பெரும்பகுதியும் இதில் இருந்தது, செலவும் குறைவு. மற்ற இரண்டையும் லாரியிலிருந்து துரத்தியது இதுதான்.

துரத்தியதில் நாட்டு நிலைமைக்கும் பங்குண்டு. 1957-58-ல் அந்நியச் செலாவணி வறண்டுபோய் இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. சீமைச் சாமானுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைத்தவர் சொன்னதுதான் விலை. 1961-ல் டி.வி.எஸ்.காரர்களும் இங்கிலாந்து லூகாஸும் கூட்டுச் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் பாடியில் செல்ஃபும் டைனமோவும் செய்தார்கள். பாடி சாமான் பரவியதற்குத் தரம் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பிரஷ், புஷ், பெண்டிக்ஸ், சாலனாய்டு என்று ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக, நம்பர் போட்டு, ஜில்லாத் தலைநகரக் கடை வரைக்கும் வந்தன. லாரிக்காரருக்கு அதுதான் தேவைப்பட்டது. புது லாரி வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த காலம்; ஓடுகிற வண்டியை ஒருநாளும் நிறுத்த முடியாது.

அந்தக் காலத்து செல்ஃபின் பின்முனையில் ஒரு தகட்டுப் பட்டை சுற்றியிருக்கும். ஒரு ஸ்குரூவைத் தளர்த்தினால் பட்டை கழன்று வரும். செல்ஃபை வண்டியிலிருந்து இறக்காமலே, ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கிற பிரஷ்ஷையும் அது உரசுகிற கம்யூட்டேட்டரையும் பார்த்துவிடலாம். பட்டையின் உட்பக்கத்தில் ஈயப் பொட்டுகள் தெறித்து ஒட்டியிருந்தால் டிரைவர் விடாமல் அடித்திருக்கிறார் என்று அர்த்தம்: ஆர்மேச்சர் சூடாகி, கம்பியைக் கம்யூட்டேட்டரோடு பிடித்த ஈயம் உருகிச் சுழற்சியில் வெளியே எறியப்பட்டிருக்கிறது. பல டிரைவர்களின் பொய் அந்தப் பட்டையில் மாட்டியிருக்கிறது. "ரெண்டு தபா தானுங் அடிச்சேன்" என்பார். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் பட்டையை அவர் கையில் கொடுப்பார்.

ஆர்மேச்சரை சோதிக்கக் குரோலர் என்று ஒரு சாதனம். இரும்புத் தகடுகளில் காயில் கட்டிய ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். ஆர்மேச்சரை அதில் படுக்கவைத்து, ஆக்ஸா பிளேடை மேலே பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஷார்ட் ஆன இடத்தில் பிளேடு கிர்ரென்று துடிக்கும். மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தாலும், செல்ஃபு ஆர்மேச்சர் கட்டுகிறவர் ஒருவர்தான் இருப்பார்; கம்பி அவ்வளவு தடிமன். அவரிடம் கொடுத்த ஆர்மேச்சர் திரும்பி வந்ததும் செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கிற மைக்காவை ஆக்ஸா பிளேடு துண்டால் கம்யூட்டேட்டர் மட்டத்துக்குக் கீழே கீறிவிடுவது பையன்களின் வேலை. செம்பு சீக்கிரம் தேயும், மைக்கா தேயாது. மைக்கா மேலே துருத்தினால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும், கம்யூட்டேட்டர் கருகும். என் பத்து விரல் நுனியும் அந்தக் கீறலில்தான் மரத்துப்போயின.

பட்டறை இப்படி இருக்க, ரோட்டில் வேறொரு பள்ளிக்கூடம் நடந்தது. எழுபதுகளில் நேஷனல் பெர்மிட் வந்தபின் எங்கள் வண்டிகள் ஜவ்வரிசி, மஞ்சள், முட்டை, ஜவுளி என்று ஏற்றிக்கொண்டு ஏழாம் நம்பர் நெடுஞ்சாலையில் ஓசூர், ஹைதராபாத், ஆதிலாபாத் தாண்டி நாக்பூருக்கும் அதற்கு மேலும் போயின. மார்கழி தையில் வடக்கே குளிர் கடுமை. ஆயில் கெட்டிப்படும், பேட்டரியின் சக்தி சுருங்கும். இன்ஜினுக்கு அதிக இழுப்பு தேவைப்படுகிற நேரத்தில்தான் செல்ஃபுக்குக் கரண்ட் குறையும். டிரைவர்கள் ஆயில் சம்ப்புக்குக் கீழே டீசல் நனைத்த துணியைக் கொளுத்தி வைத்தார்கள். இன்னும் சிலர் ராத்திரி முழுக்க இன்ஜினை அணைக்காமல் படுத்தார்கள். செல்ஃபு சந்தேகம் என்றால் சரிவான இடம் பார்த்து, மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துவது எழுதாத சட்டம். எந்த தாபாவுக்கு முன்னால் சரிவு இருக்கிறது என்பது வாயிலிருந்து வாய்க்குப் போன செய்தி. அந்தத் தாபாவின் சாப்பாடு சுமாராக இருந்தாலும் கல்லா நிரம்பியது.

கிளீனர்களுக்கென்று இரண்டு வித்தை இருந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி, மோட்டார் சுற்றவில்லை என்றால், சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து செல்ஃபின் உடம்பில் நாலு தட்டுத் தட்டுவது ஒன்று. தேய்ந்துபோய் மாட்டிக்கொண்டிருக்கிற பிரஷ் அந்த அதிர்ச்சியில் கீழிறங்கி ஒட்டும், வண்டி கிளம்பிவிடும். சாலனாய்டின் இரண்டு தடி போல்ட்டுகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்துப் பொறி பறக்க மோட்டாரைச் சுற்றவைப்பது இரண்டாவது. கியர் விழுந்து கிடக்கிற வண்டி அந்த நேரத்தில் கிளம்பி, அடியில் படுத்திருந்தவர் மேல் ஏறிய சம்பவங்களை லாரி ஊர்களில் கேட்கலாம். ஆனாலும் வித்தை நிற்கவில்லை. அந்தக் காலத்தில் நல்ல செல்ஃபு என்று பெயர் வாங்க ஒரு தகுதி போதும்: ஆதிலாபாத்தில் ஒரு பையன் சுத்தியலால் தட்டி, அங்கேயே கிடைக்கிற பிரஷ்ஷைப் போட்டு, ஊர் வரைக்கும் ஓட்டிவர முடியவேண்டும்.

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. டாடாவும் கம்மின்ஸும் 1993-ல் கூட்டுச் சேர்ந்தன. லேலண்டில் அதற்கு முன்பே எண்பதுகளில் ஹினோ இன்ஜின் வந்திருந்தது. புது இன்ஜின்களோடு புது செல்ஃபுகள். பழைய செல்ஃபில் ஆர்மேச்சர் சுற்றுகிற அதே வேகத்தில் பினியன் சுற்றும். புதியவற்றில் நடுவே ஒரு சின்னக் கியர்பெட்டி. ஆர்மேச்சர் பல மடங்கு வேகமாகச் சுற்றும், கியர் அதைக் குறைத்து இழுவையாக மாற்றும். அதனால் மோட்டார் சிறிதாகிவிட்டது. ஆள் மல்லாந்து படுத்து நெஞ்சில் வாங்கி இறக்கிய சாமானை இப்போது ஒரு கையில் தூக்கலாம். கரண்டும் குறைவாகக் குடிக்கும். தளர்ந்த பேட்டரியிலும் சுறுசுறுப்பாகச் சுற்றும். சின்ன மாடல்கள் சிலவற்றில் ஃபீல்டு காயிலே கிடையாது. கூட்டின் உட்சுவரில் நிரந்தரக் காந்தக் கட்டிகளை ஒட்டியிருப்பார்கள். அந்தக் கட்டிகள் பீங்கான் ஜாதி. சுத்தியலால் தட்டினால் உடைந்து, துண்டு ஆர்மேச்சருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கும். தாத்தா காலத்து வைத்தியம் பேரன் வண்டிக்கு விஷமானது இப்படித்தான். பட்டைக் கவரும் போய்விட்டது. பிரஷ்ஷைப் பார்க்க வேண்டுமென்றால் முழுதாகப் பிரித்தாக வேண்டும்.

அதே வருடங்களில் டூப்ளிகேட்டும் பெருகியது. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பழைய சாமான் சந்தைகளில் கிடைப்பதைப் பற்றி எனக்குக் குறையில்லை. அங்கே வாங்குகிறவருக்கு வாங்குவது பழசு என்று தெரியும். பெயின்ட் அடித்து டப்பாவில் வருகிற புதுசுதான் ஆபத்து. வெளியே ஒரே அச்சு. உள்ளே ஃபீல்டு காயிலில் செம்புக்குப் பதில் அலுமினியம், பிரஷ்ஷில் செம்புத் தூள் குறைவு, பெண்டிக்ஸ் பல்லுக்குப் பதம் ஏற்றியது போதாது. கடை பெஞ்சில் வைத்து பேட்டரி கொடுத்தால் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றும். சுமை இல்லாமல் எந்த மோட்டாரும் சுற்றும். ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷனைத் தாண்டி இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். கையில் தூக்கிப் பார்த்து எடை வித்தியாசத்தில் கண்டுபிடித்த காலம் உண்டு. கியர் செல்ஃபு வந்தபிறகு எடை ஒரு சாட்சியாக இல்லாமல் போய்விட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "செரி மேஸ்திரி, இப்ப நான் என்ன வாங்கறது?" என்பார்கள். முதலில் எதுவும் வாங்காதீர்கள் என்பேன். செத்துப்போனதாக எங்கள் கடைக்கு வருகிற செல்ஃபுகளில் உயிரோடு இருப்பவை நிறைய. பேட்டரிமேல் மீட்டரை வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் பேட்டரி ஒன்பதரைக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை முதலில் பாருங்கள். அது இறங்காமல் நின்று, செல்ஃபுக்கு வந்து சேர்கிற வோல்ட் மட்டும் குறைந்தால் வழியில் எங்கேயோ திருட்டு நடக்கிறது: பச்சை பூத்த லக், இரும்பாகிப்போன கேபிள், மெயின் சுவிட்ச். எல்லாவற்றையும்விட எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு பின்னல் செம்புப் பட்டைதான் சம்பந்தம். கிளட்ச் வேலை செய்தவர் அதைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போக முயலும். கேபிள் புகைந்ததைப் பார்த்து, இன்ஜின் தீப்பிடித்தது என்று மண்ணை வாரிப் போட்டவர்கள் உண்டு.

அதன்பின் ஃப்ளைவீல் ரிங். இன்ஜின் அணையும்போது இஷ்டப்பட்ட இடத்தில் நிற்பதில்லை. கம்ப்ரஷன் தடுக்கிற இடத்தில்தான் நிற்கும். ஆறு சிலிண்டர் என்றால் பெரும்பாலும் மூன்றே இடம், நாலு சிலிண்டர் என்றால் இரண்டு. ஆயுசு முழுக்க பினியன் கடிப்பது அந்தப் பற்களைத்தான். மற்ற பல்லெல்லாம் புத்தம் புதிதாக இருக்க, மூன்று இடம் மட்டும் பொக்கை விழுந்திருக்கும். அந்த ரிங்கோடு புது செல்ஃபைப் பூட்டினால் புதுப் பினியனும் கொஞ்ச நாளில் போய்விடும். பழைய லேத் பட்டறைக்காரர்கள் ரிங்கைச் சூடேற்றிக் கழற்றி, சில பல் தள்ளித் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அதற்கு கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்பதால் ஓனர்கள் தட்டிக்கழிப்பார்கள்.

சாமான் வாங்கும்போது பழையதைக் கடைக்குக் கொண்டுவந்து புதியதன் பக்கத்தில் படுக்கவையுங்கள். வண்டியின் மாடலை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். முப்பது வருட லாரிக்குள் என்ன இன்ஜின், என்ன பெல் ஹவுசிங் மாறியிருக்கிறது என்று ஓனருக்கே தெரியாது. 12 வோல்ட்டா 24-ஆ, பினியன் எந்தப் பக்கம் சுற்றுகிறது, எத்தனை பல், பல்லின் பருமன் ஒன்றா, போல்ட் துளைகள் பொருந்துகின்றனவா, மூக்கு எவ்வளவு நீளம். ஒரு பல் வித்தியாசத்தில் பொருந்துவதுபோலப் பொருந்தி, ஊளையிட்டு, ரிங்கைத் தின்றுவிடும். பழைய வண்டிகள் சிலவற்றில் விளக்குக்கு 12 வோல்ட், செல்ஃபு அடிக்கும்போது மட்டும் இரண்டு பேட்டரியும் தொடராகச் சேர்ந்து 24 வோல்ட் கொடுக்க ஒரு சுவிட்ச் இருந்தது. விளக்கைப் பார்த்து வோல்ட்டை முடிவு செய்தவர்கள் அதில் ஏமாந்தார்கள்.

போன கோடையில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். இருவரிடமும் 697 இன்ஜின் போட்ட பழைய டாடா, ஆறு சிலிண்டர், ஐந்தே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒருவர் ஊருக்குள் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். தெருவுக்குத் தெரு நிறுத்தி அணைப்பார், அடிப்பார். ஓட்டம் குறைவு என்பதால் பேட்டரி ஒருநாளும் முழுசாக ஏறாது. அவருக்கு மருமகன் கியர் செல்ஃபைப் போடச் சொன்னார், நானும் தலையாட்டினேன். கரண்ட் குறைவாகக் குடிக்கிறது, வேகமாகச் சுற்றுகிறது, மக்கர் பண்ணினால் கடை நாலு தெரு தள்ளி. சுத்தியலைத் தொடாதே என்று மட்டும் கிளீனரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மற்றவர் திருச்செங்கோட்டு ரிக்காரர். வண்டி சத்தீஸ்கரில் காட்டோரக் கிராமங்களில் மாதக்கணக்காக நிற்கும். அவரும் டேங்கர்காரர் வாங்கியதையே கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவருடைய பழைய செல்ஃபின் கூடும் ஃபீல்டு காயிலும் நல்ல நிலையில் இருந்தன. ஆர்மேச்சரைக் குரோலரில் பார்த்தோம், பிளேடு துடிக்கவில்லை. கம்யூட்டேட்டரை லேத்தில் ஒரு சுற்று வாங்கி, மைக்கா கீறி, புஷ் மூன்றையும் மாற்றி, புது பெண்டிக்ஸும் சாலனாய்டும் போட்டுக் கொடுக்கிறேன், கூடவே ஒரு செட் பிரஷ்ஷும் ஒரு சாலனாய்டும் டூல் பெட்டியில் கிடக்கட்டும் என்றேன். ராய்ப்பூர் பக்கத்தில் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் இதைப் பிரிப்பான்.

மொத்தக் கணக்கைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "இதுக்குப் புதுசே வாங்கிரலாம்போல இருக்குதுங்ளே மாமா."

"வாங்குங்க. பழசை எக்ஸ்சேஞ்சுல போட்டுக் கழிச்சுக்கலாம். ஆனா அங்க காட்டுக்குள்ள அது நின்னா, ராத்திரி எனக்குத்தான் போன் பண்ணுவீங்க."

கொஞ்ச நேரம் பேரம் பேசினார். மைக்கா கீறுகிற கூலியைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கவில்லை.